கிலோமீட்டர் குறைவு என்பது ஒரு தகுதியா?

பழைய கார் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி, பன்னிரண்டு வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டலை." இதைக் கேட்டதும் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த பட்டுப்புடவை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். பட்டுப்புடவையைக்கூட வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்து உதறி, மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கார் விஷயத்தில் மட்டும் அந்த அறிவு நமக்கு வேலை செய்வதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அதிகம் ஓடாத பழைய வண்டி என்றால், அதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வரலாம், தப்பில்லை. ஆனால் ஆயில் மாற்றி, வாட்டர் வாஷ் பண்ணி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 600 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்குக் கிளம்புகிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் வைப்பவன்தான். ஆனால் அந்தப் பழத்தின் மேல் ஏறி இறங்கும் டயர் எந்த வருடத்து டயர் என்று பார்த்த பிறகு வைப்பவன்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏழெட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பேருந்துகளைத் தினமும் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் விடிகாலையில் கிளம்பினால் இரவுதான் திரும்பும். அவற்றில் வரும் கோளாறு பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும். டிரைவர் டூட்டி முடித்து வந்து, "பிரேக் கொஞ்சம் கீழே போகுது", "இடது பக்கம் இழுக்குது" என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். நாங்கள் அன்று இரவே பார்ப்போம். எங்களுக்குத் தலைவலி கொடுத்தது வேறு வண்டிகள். வழக்கு, விபத்து, உதிரிபாகம் இல்லை என்று ஏதோ காரணத்தால் மூலையில் ஆறு மாதம், ஒரு வருடம் நின்றுவிட்டு மறுபடி ரூட்டுக்குப் போகும் வண்டிகள். எதில் எது போகும் என்று சொல்லவே முடியாது. நின்ற வண்டியில் குறை எழுத டிரைவர் கிடையாது அல்லவா?

கிலோமீட்டர் மீட்டர் எதைக் காட்டுகிறது? பிஸ்டன், கியர், கிளட்ச், பிரேக் பேட் இவை எவ்வளவு உராய்ந்திருக்கின்றன என்று ஏறக்குறையக் காட்டும். அவ்வளவுதான். ஒரு காரில் உராய்வால் தேயும் பொருட்கள் பாதி என்றால், காலத்தால் கெடும் பொருட்கள் மீதிப் பாதி. டயர், ஹோஸ், பெல்ட், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், ஆயில் சீல், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி என்று பெரிய பட்டியல். இவற்றுக்கு மீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். வண்டியோடு வரும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். "இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போது" என்றுதான் போட்டிருப்பான். நாம் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

அடுத்து, "வண்டியை அப்படியே போடலை சார், வாரம் ஒரு தடவை வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் வெச்சிருவார்" என்பவர்கள். இது நல்லது என்று நினைத்துச் செய்யப்படும் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்தால் தண்ணீர்தான். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது புகைக்குழாய் வழியே ஆவியாகவே போய்விடும். ஐந்தே நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் குளிர்ந்து தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்பக்கம் மோர் ஒட்டின மாதிரி வெளுத்த படலம் இருக்கும். போதாததற்கு, செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து போன கரண்ட்டை ஐந்து நிமிடத்தில் ஆல்டர்னேட்டரால் சரியாகத் திருப்பித் தர முடியாது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் கொல்கிறோம். நின்ற இடத்திலேயே உறுமுவதில் டயருக்கும் பிரேக்குக்கும் எந்த லாபமும் இல்லை. ஸ்டார்ட் பண்ணுவதானால் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா விடுங்கள்.

இத்தனை கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் தம்பி மகன் 2012 மாடல் சின்னக் கார் ஒன்று வாங்கினான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரியவருடைய வண்டி. அபார்ட்மென்ட் நிழலில் நின்றது. ஓட்டம் 19,000 கிலோமீட்டர். பெயின்ட் கண்ணாடி மாதிரி. 2025 பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்கு அதில்தான் போவது என்று முடிவு. எங்களுக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார். சென்னையிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து பாபநாசம், அப்புறம் மலைப்பாதை. போக வர 1,300 கிலோமீட்டருக்கு மேல். பங்குனி வெயில். வண்டியில் தம்பி, தம்பி சம்சாரம், மகன், மருமகள், நாலு வயசுப் பேத்தி.

"ஜெனரல் சர்வீஸ் விட்டாச்சு பெரியப்பா" என்று பில்லைக் காட்டினான். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம், ஊரில் பாதி இடங்கள் அப்படித்தான். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏ.சி. கேஸ், வாட்டர் வாஷ், உள்ளே வேக்குவம், டேஷ்போர்டுக்குப் பாலிஷ். டயரின் வயது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெல்ட், ஹோஸ் எதுவும் இல்லை. டேஷ்போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சில சமயம் அது டயரின் உள்பக்கத்தில் இருக்கும், குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவன் வண்டியில் 1412 என்று இருந்தது. 2012-ஆம் வருடம் 14-ஆவது வாரம். நாலிலும் அதே. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியிலும் அதே. பதின்மூன்று வயது டயர்.

"பட்டன் அப்படியே இருக்கே பெரியப்பா, ஓடவே இல்லையே, எப்படித் தேயும்?" என்றான்.

தேயவில்லைதான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும், அவனுக்கு அதைவிட நாலு மடங்கு இருந்தது. ஆனால் டயர் வெடிப்பது பட்டன் தேய்ந்து மட்டும் இல்லை. ரப்பர் காற்றிலேயே முதுமை அடையும் பொருள். டயர் ஓடும்போது நெளிய நெளிய, ரப்பருக்குள் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு மேலே வந்து படிந்து காப்பாற்றும். நின்ற டயருக்கு அந்தக் கொடுப்பினையும் குறைவு. பக்கவாட்டை விரலால் அழுத்தி விரித்துப் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் சோதிக்கச் சொல்கிறார்கள், பட்டன் எப்படி இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் செய்கிற கம்பெனிகளே சொல்கின்றன. ஊருக்குள் நாற்பதில் போகும்போது அந்த டயர் ஒன்றும் சொல்லாது. நாலு வழிச்சாலையில், கொதிக்கும் தார் மேல், ஐந்து பேர் பாரத்தோடு, நூறில் இரண்டு மணி நேரம் ஓடும்போதுதான் அதன் வயது தெரியும்.

"ஸ்டெப்னி புதுசு மாதிரியே இருக்கு, அதையாவது விடலாமே" என்று தம்பி வந்தான். வழியில் ஒரு டயர் போனால் அந்தப் பதின்மூன்று வயசு ஸ்டெப்னியில்தானே மிச்ச தூரம் போகவேண்டும்? ஐந்தையும் மாற்ற வைத்தேன். "பெரியப்பா பஸ் டெப்போன்னே நினைச்சிட்டார்" என்று மருமகள் சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும்.

டயரோடு சேர்ந்த இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "கோடையில் காற்றைக் குறைத்து வை, சூட்டில் விரிந்து வெடிக்கும்" என்று பஞ்சர் கடையில்கூடச் சொல்வார்கள். நேர்மாறு. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு அதிகமாக நெளியும், நெளிந்தால் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அந்த அளவு வையுங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். நிறம் டிக்காஷன் மாதிரி இருந்தது. பார்க்க அழுக்கு என்பதல்ல பிரச்சினை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. நாலு சதவீதம்கூட வேண்டாம், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பே 140-க்கு இறங்கிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருகிறோம். சூடு ஏறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இதைப் பன்னிரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. காரணம், வண்டி "ஓடவே இல்லை". பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ நனைந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் உள்ள வண்டி அது. வயதுக்காகவே மாற்றியிருக்க வேண்டும், மாற்றினோம். உங்கள் வண்டியில் பெல்ட்டா செயினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினையே பிரித்துப் பார்க்கும் நிலை வரும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளாம்ப் போட்ட இடத்தில் வெடித்திருந்தது. கூலன்ட் என்ற பெயரில் உள்ளே இருந்தது பெரும்பாலும் போர் தண்ணீர். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2012 வண்டியின் பெட்ரோல் குழாய்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே டேங்கிலிருந்து இன்ஜின் வரை ரப்பர் குழாய்களைத் தடவி, முகர்ந்து பார்த்தோம். பேட்டரியை ஓர் இரவு சும்மா விட்டுக் காலையில் வோல்ட் பார்த்தோம். நல்ல பேட்டரி என்றால் 12.6 இருக்கவேண்டும். 12.1 காட்டியது. மாற்றினோம்.

இத்தனையும் செய்த பிறகும் நான் கிளம்பவிடவில்லை. இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். பயணத்துக்கு முதல் நாள் மாலை மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்து, மறுநாள் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவது நம் ஊர் வழக்கம். கைவைத்த ஒவ்வொரு இடமும் ஒரு புதுச் சந்தேகம். போல்ட் சரியாக முறுக்கினானா, ஹோஸ் சரியாக உட்கார்ந்ததா என்று ஓட்டினால்தான் தெரியும். எனவே இரண்டு வாரம் முன்னாடியே நாலு பெரியவர்கள் ஏறி, ஏ.சி. போட்டு, உச்சி வெயிலில் ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை போய் வந்தோம். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது கோவளம் பக்கம் நெரிசலில் நின்றோம். டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஏ.சி.யை அணைத்து ஓரம் கட்டிப் பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மோட்டார் இறுகிப் போயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். வாரா வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணியபோது இன்ஜின் ஃபேன் தேவைப்படும் சூட்டுக்கு வந்ததே இல்லை. ஜெனரல் சர்வீஸிலும் யாரும் அவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்கவில்லை. அது உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டோல் வரிசையில், பகல் இரண்டு மணிக்கு, நாலு வயசுக் குழந்தையோடு தெரிய வந்திருக்கும். டிரைவருக்கு முள்ளைப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கும். கோவளத்தில் தெரிந்ததால் மோட்டார் விலையோடு முடிந்தது.

இனி செலவு. டயர், பெல்ட், பேட்டரி, பிரேக், ஹோஸ், ஃபேன் மோட்டார் எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் ஆனது. "ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு இவ்வளவா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டுத்தான் செலவு செய்வேன் என்பது என்ன கணக்கு? பழைய வண்டியில் உட்காரும் குழந்தைக்கு எலும்பு விலை குறைவா? இந்தப் பணம் வண்டியின் விலையிலேயே சேர்ந்தது. வாங்கும்போதே அதைக் கழித்துப் பேரம் பேசியிருக்க வேண்டியது. ஆனால் "கிலோமீட்டர் குறைவு" என்று சொல்லி விற்றவர் அதற்கும் சேர்த்து அதிகமாக வாங்கிக்கொண்டார். சந்தையின் விசித்திரம் இது. எல்லா ரப்பரும் கெட்டுப்போன வண்டிக்கு, கெட்டுப்போனதற்காகவே கூடுதல் விலை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பழசை எடைக்குப் போடு, புதுசு வாங்கு, கடன் கிடைக்கிறது" என்பவர்கள். இவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மாதம் பதினைந்தாயிரம் தவணை கட்ட எல்லோராலும் முடியாது, கட்டவும் வேண்டாம். சரியாகத் தயார் செய்த பன்னிரண்டு வருட வண்டி கன்னியாகுமரிக்கும் போகும், காசிக்கும் போகும். தயார் செய்வது என்றால் என்ன என்பதில்தான் என் சண்டை.

செலவு செய்ய மனமில்லையா? அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுங்கள். படுத்துத் தூங்கி எழுந்தால் திருநெல்வேலி. அங்கிருந்து ஒரு வாடகைக் கார். காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது முழுக்க நியாயமான முடிவு. செலவும் செய்ய மாட்டேன், ரயிலிலும் போக மாட்டேன், கார் வாங்கியதைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்பவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போகிறவர்கள் மூன்று வாரம் முன்னால் ஆரம்பியுங்கள். முதல் வாரம் எதெதற்கு என்ன வயது என்று பார்த்து மாற்றுவது. இரண்டாம் வாரம் முழு பாரத்தோடு இருநூறு கிலோமீட்டர் சோதனை ஓட்டம், திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துக் காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, வீல் நட்டுகளை மறுபடி முறுக்குவது. மூன்றாம் வாரம் யாரையும் கைவைக்க விடாதீர்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபாஸ்டேகில் பணம் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் கழற்றாத நட்டு கழன்று வருமா என்று வீட்டு வாசலிலேயே தெரியட்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்த தடவை யாராவது "இருபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொன்னால், "டயர் எந்த வருஷம்? பிரேக் ஆயில் கடைசியாக எப்போ மாத்தினீங்க? பெல்ட் எப்போ?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கொடுத்தால் வாங்குங்கள், மிச்சப் பணத்தை நேரே டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.